வீட்டுப் பத்திரங்களை லினக்ஸில் ஸ்கேன் செய்து, தேடினால் கிடைக்கும்படி அடுக்கியது

அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்த பத்திரங்களையெல்லாம் ஸ்கேன் செய்து, சர்வே எண்ணைத் தட்டினால் அதற்குரிய தாள் வந்து நிற்கும்படி செய்து கொடுத்தேன். முழு வேலையும் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில், கட்டற்ற மென்பொருள்களை மட்டும் வைத்தே நடந்தது. எல்லாம் சின்னச் சின்னக் கருவிகள். ஒன்று ஸ்கேன் செய்யும், ஒன்று பக்கம் அடுக்கும், ஒன்று எழுத்தைப் படிக்கும், ஒன்று பெயர் மாற்றும். எந்தக் கருவி எந்த இடத்தில் கைகொடுத்தது, தமிழ் என்பதால் எங்கெல்லாம் கூடுதல் கவனம் தேவைப்பட்டது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலை பாக்கி கிடக்கும் வீடுகள் ஏராளம்.

இணையம் இல்லாமல் செய்ய வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். வெளிநாட்டில் இருக்கும் அத்தான் அவ்வப்போது ஏதாவது ஒரு தாள் கேட்பார். அத்தை அதை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போவார். கடைப் பையன் ஸ்கேன் செய்து, ஏதோ ஓர் இணையதளத்தில் ஏற்றிப் பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆகச் சேர்த்து வாட்ஸப்பில் அனுப்புவான். ஒரு கிரயப் பத்திரத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தகப்பனார் பெயர், முகவரி, கையெழுத்து, கைரேகை, சமீபத்திய பத்திரமாக இருந்தால் புகைப்படம், ஆதார் எண், பான் எண். அத்தனையும் யாரோ நடத்தும் சர்வருக்குப் போகிறது. பக்கம் சேர்க்கவோ, திருப்பவோ, எழுத்தைப் படிக்கவோ இணையமே தேவையில்லை. வீட்டுச் சொத்து விவரம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

கணினி, வீட்டில் சும்மா கிடந்த பழைய மடிக்கணினி. 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 11ஐ ஏற்கும் வன்பொருள் இதில் இல்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். மின்ட் குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கிறது, 4 இருந்தால் வசதி என்கிறது. எக்ஸ்எஃப்சிஇ கனமில்லாத திரைச்சூழல் என்பதால் இந்த வேலைக்கு எங்கும் திணறவில்லை.

ஸ்கேனர் இன்னும் பழையது. பிரின்டரோடு சேர்ந்த தட்டைக் கண்ணாடி ஸ்கேனர். புதிய விண்டோஸுக்கு டிரைவர் கிடைக்கவில்லை என்று துணி போர்த்தி வைத்திருந்தார்கள். லினக்ஸில் ஸ்கேனர்களைக் கையாள்வது சேன் என்கிற பொதுத் தொகுப்பு. தயாரித்தவர்களே கைவிட்ட மாடல்களுக்கும் அதில் ஆதரவு நிறைய உண்டு. கேபிளைச் செருகியதும் கருவியின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. பழைய ஸ்கேனரைக் காயலாங்கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை லினக்ஸில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்கேன் செய்யப் பயன்படுத்தியது சிம்பிள் ஸ்கேன். மின்ட்டின் மெனுவில் டாக்குமென்ட் ஸ்கேனர் என்ற பெயரில் இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் வரும், இன்னொரு முறை அழுத்தினால் அடுத்த பக்கம் பக்கத்தில் சேரும். பார்க்க எளிமையாக இருந்தாலும் உள்ளே இரண்டு அமைப்புகளைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஸ்கேன் பொத்தானை ஒட்டிய கீழ்மெனுவில் எழுத்து, படம் என்று இரண்டு வகை இருக்கும். பத்திரம்தானே, எழுத்து வகையே போதும் என்று தோன்றும். ஆனால் அந்த வகை முதலில் 150 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளி என்ற அளவில் இருக்கிறது. நிறத்தையும் எடுத்துவிட்டுச் சாம்பலில் சில படிகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. கடையில் தரும் பில்லுக்கு அது போதும். முத்திரைத்தாளுக்குப் போதாது. சார்பதிவாளர் அலுவலக முத்திரை, ஊதா மையில் வைத்த கைரேகை, முத்திரைத்தாளின் அச்சுப் பூவேலை எல்லாம் மங்கிப் போகும். தமிழ் எழுத்துகளின் மேலுள்ள புள்ளி அடுத்த கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் படம் வகை, 300 டிபிஐ என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, தட்டைக் கண்ணாடியிலிருந்து பல பக்கம் என்ற தேர்வு. ஒரு பக்கம் முடிந்ததும் நாம் சொன்ன விநாடிகள் காத்திருந்து தானாகவே அடுத்ததை எடுக்கும். 15 விநாடி வைத்தேன். மூடியைத் திறந்து, தாளைத் திருப்பி, நேராக வைத்து மூட அது சரியாக இருந்தது. மவுஸைத் தொடவே வேண்டாம். கட்டுக் கட்டாக வேலை செய்யும்போது இந்தச் சின்ன வசதியின் அருமை தெரியும்.

தாள்களைத் தயார் செய்வதில்தான் நேரம் போயிற்று. துருப்பிடித்த குண்டூசிகளை இழுக்கக்கூடாது. தாளை மேசையில் படுக்க வைத்து, ஊசியை மெதுவாகப் பின்னோக்கி நகர்த்தி எடுக்க வேண்டும். மடிப்பில் கிழியும் நிலையில் இருந்ததைக் கண்ணாடிமேல் அழுத்தவில்லை, மூடியின் எடையே போதும். பழைய தாள்களில் இருபுறமும் எழுத்து இருக்கும். முன்பக்கம் பத்திர வாசகம், பின்பக்கம் பதிவு அலுவலகக் குறிப்பு. தாள் மெல்லியதாக இருந்தால் பின்பக்க எழுத்து முன்பக்க ஸ்கேனில் நிழலாகத் தெரியும். இதற்கு ஒரு கறுப்புச் சார்ட் அட்டையைத் தாளின் முதுகில் வைத்து ஸ்கேன் செய்தால் நிழல் வெகுவாகக் குறைகிறது. ஸ்கேனர் மூடியின் உள்பக்க வெள்ளை, ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் பின்பக்க மை தெரிகிறது. கறுப்பு அட்டை அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. பின்னால், படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரி ஓடும்போது இந்த அட்டை செய்த உதவியை வேறு எந்த மென்பொருளும் செய்யவில்லை.

அடுத்த சிக்கல் நீளம். ஏ4 கண்ணாடி 297 மில்லிமீட்டர் நீளம். முத்திரைத்தாள் அதைவிட நீளமானது. அடிப்பகுதியில் சாட்சிக் கையெழுத்து இருக்கும், அதை விட முடியாது. அவற்றையெல்லாம் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், ஃபோனில் நேர் மேலிருந்து படமெடுத்தேன். ஃபோனிலிருந்து கணினிக்குக் கொண்டுவர கேடிஇ கனெக்ட். இரண்டும் வீட்டின் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், வெளியே எதுவும் போகாது.

ஃபோன் படத்தை ஸ்கேன் மாதிரி ஆக்க ஸ்கேன்டெய்லர் அட்வான்ஸ்டு. இடது பக்கம் ஆறு கட்டங்கள் வரிசையாக இருக்கும்: திசை சரிசெய்தல், இரட்டைப் பக்கத்தைப் பிரித்தல், சாய்வை நிமிர்த்துதல், உள்ளடக்கத்தைக் குறித்தல், ஓரம் விடுதல், கடைசியாக வெளியீடு. ஒவ்வொரு கட்டத்தையும் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு, தவறிய பக்கத்தை மட்டும் கையால் திருத்தலாம். ஃபோன் படங்களை ஏற்றும்போது டிபிஐ எவ்வளவு என்று கேட்கும். தாளின் நீளத்தை அங்குலத்தில் அளந்து, படத்தில் தாள் எத்தனை பிக்சல் உயரம் இருக்கிறதோ அதை அந்த அங்குலத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். மனம்போன எண்ணைக் கொடுத்தால் வெளியீட்டில் பக்க அளவு தாறுமாறாகும்.

தமிழ்ப் பத்திரங்களில் வேலை செய்பவர்கள் இந்தக் கருவியில் ஓர் இடத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். வெளியீட்டுக் கட்டத்தில் கறுப்பு வெள்ளை என்று தேர்ந்தெடுத்தால், தூசிப் புள்ளிகளை நீக்கும் வசதி கூடவே வரும். ஆங்கிலத்தில் அது பெரிய இழப்பு செய்யாது. தமிழில் மெய்யெழுத்தின் உயிரே அந்தப் புள்ளிதான். டைப் அடித்த ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இந்த நீக்கத்தின் அளவைக் கூட்டிப் பார்த்தேன். ‘பக்கத்து’ என்பது ‘பககதது’ ஆனது, ‘வரப்பு’ ‘வரபபு’ ஆனது. திரையில் சிறிதாகப் பார்க்கும்போது பக்கம் பளிச்சென்று சுத்தமாகத் தெரியும், பெரிதாக்கினால்தான் புள்ளிகள் போனது தெரியும். எனவே தூசி நீக்கத்தை முழுவதும் அணைத்துவிட்டேன். தாளில் நாலு அழுக்குப் புள்ளி கூடுதலாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முத்திரை இருக்கும் பக்கங்களுக்குக் கறுப்பு வெள்ளையும் வேண்டாம். நிறத்தோடு வெளியிடுவதே நல்லது.

பக்கங்களைச் சேர்க்க பிடிஎஃப் அரேஞ்சர். ஜெராக்ஸ் கடைப் பையன் இணையதளத்தில் செய்த வேலை முழுவதும் இதற்குள் அடக்கம். பக்கங்கள் சின்னச் சின்னப் படங்களாக விரியும். இழுத்து இடம் மாற்றலாம், திருப்பலாம், நீக்கலாம், இரண்டு ஃபைல்களைக் கலக்கலாம். பக்கத்தின் உள்ளே இருக்கும் படத்தை மறுபடி அமுக்காமல் அப்படியே எடுத்து அடுக்குவதால் தரம் குறைவதில்லை. பழைய கணினியிலும் சட்டென்று திறக்கிறது. பிடிஎஃப் வேலைக்கு ஒரே ஒரு மென்பொருளை மட்டும் போடச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி எழுத்துணரி. லினக்ஸில் இதற்கு அடிப்படை டெசராக்ட். 1985 முதல் 1994 வரை ஹியூலெட் பேக்கர்ட் ஆய்வகங்களில் உருவாகி, 2005ல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. பின்னர் கூகுள் பல ஆண்டுகள் வளர்த்தது. 2018ல் வந்த நான்காம் பதிப்பில் நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறியது. அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் தமிழ் அச்செழுத்தை நம்பி ஒப்படைக்கும்படி ஆயிற்று என்பது என் அனுபவம். தமிழுக்கான தரவு தனிப் பொட்டலம். மென்பொருள் மேலாளரில் டெசராக்ட் என்று தேடி, தமிழ் என்று குறித்திருப்பதையும் சேர்த்து நிறுவிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் எல்லாவற்றையும் ஆங்கிலமாக நினைத்துப் படித்துக் குப்பையாகக் கொட்டும்.

டெசராக்ட்டுக்குத் தனியாகத் திரை கிடையாது. ஒன்றிரண்டு பக்கம் என்றால் ஜிஇமேஜ்ரீடர் நல்ல முகப்பு. இடது பக்கம் படம், வலது பக்கம் வரும் எழுத்து. படிக்க வேண்டிய பகுதியை மவுஸால் கட்டம் போட்டுக் காட்டலாம். முத்திரைத்தாளின் மேல் பாதியில் ரூபாய் மதிப்பும் சின்னமும் அலங்காரமும் இருக்கும். அதை விட்டுவிட்டுக் கீழே வாசகத்துக்கு மட்டும் கட்டம் போட்டால் பிழை பாதியாகக் குறைகிறது.

கட்டு கட்டாகப் படிக்க ஓசிஆர்மைபிடிஎஃப். இது முனையத்தில், அதாவது கட்டளையைத் தட்டி வேலை வாங்கும் ஜன்னலில், ஓடும் கட்டளை. பயப்பட ஒன்றுமில்லை: கட்டளையின் பெயர், மொழி, உள்ளே போகும் ஃபைல், வெளியே வரும் ஃபைல், அவ்வளவுதான். மொழிக்குத் தமிழின் மூன்றெழுத்துக் குறியீட்டை முதலிலும், கூட்டல் குறி போட்டு ஆங்கிலத்தின் குறியீட்டை அடுத்தும் கொடுக்க வேண்டும். பத்திரத்தில் நடுநடுவே ஆங்கிலப் பெயர்களும் எண்களும் வருமே, அதற்காக. முதலில் கொடுக்கும் மொழிக்கே முன்னுரிமை என்பதால் தமிழ் முந்தட்டும். பார்வைக்குப் பக்கம் பழையபடியே இருக்கும். படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்று சேர்ந்திருக்கும். பிடிஎஃப் பார்வைக் கருவியில் தேடினால் அந்தச் சொல் இருக்கும் இடத்தில் நிறம் விழும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சுத்தம் செய்யும் தேர்வு. அதைக் கொடுத்தால், எழுத்தைப் படிப்பதற்காக மட்டும் உள்ளுக்குள் ஒரு பிரதியைச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்ளும். நமக்குத் தரும் பக்கத்தில் கை வைக்காது. கறையும் மடிப்பும் கிழிசலும் இருந்தபடியே இருக்கும். ஆவணத்துக்கு அதுதானே வேண்டும்? கூடவே படித்த எழுத்தைத் தனி உரைக் கோப்பாகவும் எழுதச் சொல்லலாம். பிறகு தேடுவதற்கு அது பெரிய உதவி. வெளிவரும் பிடிஎஃப் நீண்டகாலச் சேமிப்புக்கென்று வகுத்த பிடிஎஃப்/ஏ தரத்தில் இருக்கும்.

இணையத்தில் இறக்கிய பட்டா, வில்லங்கச் சான்று போன்றவை ஏற்கெனவே பிடிஎஃப்தான். ஆனால் தமிழ் பிடிஎஃப் பலவற்றில் ஒரு சொல்லைக் காப்பி செய்து ஒட்டிப் பாருங்கள், எழுத்து சிதறிக் கன்னாபின்னாவென்று வரும். எழுத்துரு காட்டுவது ஒன்று, உள்ளே பதிந்திருப்பது வேறு. அப்படிப்பட்ட ஃபைலில் தேடல் வேலை செய்யாது. ஓசிஆர்மைபிடிஎஃப்பில் கட்டாயமாகப் படிக்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது; பக்கத்தைப் படமாக்கி முதலிலிருந்து படித்துவிடும். டிஜிட்டல் கையொப்பம் உள்ள ஃபைலில் மட்டும் இதைச் செய்தால் கையொப்பம் செல்லாததாகிவிடும். இறக்கிய அசலை அப்படியே வைத்துக்கொண்டு, பிரதியில்தான் இந்த வேலை.

பலன் எப்படி? கணினி அச்சில் வந்த பத்திரங்கள் ஏறக்குறையச் சுத்தமாக வந்தன. எஞ்சிய பிழைகளில் பெரும்பகுதி ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறுவது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்புவது. தட்டச்சுப் பத்திரங்களில் பிழை அதிகம். 1978ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முந்திய தாள்களில் கொம்பு வளைந்த பழைய ‘லை’யும் ‘னை’யும் வருமிடமெல்லாம் எழுத்துணரி தடுமாறியது. ‘எல்லை’ என்ற சொல் பத்திரத்துக்குப் பத்திரம் வரும், அதுவே ஒழுங்காக வராது. கையெழுத்துப் பத்திரங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பத்திர எழுத்தரின் சுழித்த எழுத்தை டெசராக்ட் படிக்காது, அதற்காக உருவானதும் இல்லை.

எண்களை மட்டும் எந்த மென்பொருளையும் நம்பி விடவில்லை. சர்வே எண், பத்திர எண், பரப்பு, நான்கெல்லை அளவு எல்லாவற்றையும் அத்தை அசலைப் படிக்கப் படிக்க நான் திரையில் சரிபார்த்தேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. 2013ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், பிரபலமான அலுவலக ஸ்கேனர்கள் சில, ஸ்கேன் செய்த பக்கத்திலேயே 6ஐ 8ஆக மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். எழுத்துணரியே ஓடாமல், வெறும் பட அமுக்கத்தில் நடந்தது அது. ஒரே மாதிரி தோன்றும் எழுத்துகளுக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி இடத்தை மிச்சப்படுத்தும் முறை, தேய்ந்த எண்ணைப் பக்கத்து எண் என்று நினைத்துவிட்டது. ஃபைல் அளவைக் குறைக்கும்போது இதை நினைவில் வையுங்கள். இழப்பு இல்லாத அமுக்கத்தோடு நிறுத்திக்கொள்வதே பத்திரத்துக்குச் சரி. புல எண் 6/2 என்பது 8/2 ஆனால் அது வேறொருவர் நிலம்.

கையெழுத்துத் தாள்களுக்கு வழி, நாமே ஓர் அட்டவணை போடுவதுதான். லிப்ரேஆபிஸ் கால்க்கில் தேதி, ஆவண வகை, பத்திர எண், சர்வே எண், எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், எந்தப் பெட்டி, எந்தக் கட்டு என்று நெடுவரிசைகள். தட்டும் வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். அவர் அந்தக் காலத்தில் தமிழ்த் தட்டச்சு ஹையர் முடித்தவர். ஐபஸ் உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இவற்றோடு பழைய தட்டச்சு இயந்திர விசையமைப்பும் கிடைக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்ததும் கொஞ்ச நேரம் விசைகளைத் தடவிப் பார்த்தார். அப்புறம் திரையைப் பார்க்காமலே அடிக்க ஆரம்பித்துவிட்டார். “விரல் மறக்கலப்பா” என்றார். நான் அடித்திருந்தால் அவர் வேகத்தில் பாதிகூட வந்திருக்காது. மூத்தவர்களுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பவர்கள் அவர்களுக்குப் பழகிய விசையமைப்பைக் கேட்டுப் போட்டுக் கொடுங்கள்.

கிஸ்து எனப்படும் நிலவரி ரசீதுகளில் ஆண்டு, பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு. ஜூலை முதல் ஜூன் வரை ஒரு பசலி. 1385 என்றால் 1975 ஜூலை முதல் 1976 ஜூன் வரை. கால்க்கில் ஒரு நெடுவரிசையில் பசலியைத் தட்டினால் அடுத்ததில் தானாக ஆண்டு வரும்படி செய்தேன். பழைய பத்திரங்களில் சில இடங்களில் மா, காணி, முந்திரி அளவுகளுக்குத் தனிக் குறியீடுகள் இருந்தன. கணினி எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 2019ல் தமிழ்ப் பின்னங்களுக்கும் அளவுக் குறிகளுக்கும் என்றே தனித் தொகுதி சேர்ந்துவிட்டது. நோட்டோ எழுத்துருவில் அதற்கான பதிப்பை நிறுவினால் திரையில் தெரியும். குறியீட்டை ஒரு கட்டத்திலும், சொல்லாக எழுதியதை அடுத்த கட்டத்திலும் வைத்தோம்.

ஃபைல் பெயர்களை துனார் கோப்பு மேலாளரோடு வரும் மொத்தப் பெயர்மாற்றி பார்த்துக்கொண்டது. பல ஃபைல்களைத் தேர்ந்து எஃப்2 அழுத்தினால் திறக்கும். பழைய பெயர் ஒரு பக்கம், மாறப்போகும் பெயர் எதிர்ப்பக்கம் என்று முன்கூட்டியே காட்டிவிடுவதால் நிம்மதியாக மாற்றலாம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் வைத்தால், பெயர்வரிசையே கால வரிசையாகவும் அமைந்துவிடும். அப்புறம் ஆவண வகை, பத்திர எண், சர்வே எண். பத்திர எண்ணை நாம் 412/1974 என்று எழுதிப் பழகியிருக்கிறோம். லினக்ஸில் சாய்கோடு ஃபோல்டரைப் பிரிக்கும் குறி, பெயருக்குள் வரக்கூடாது. 412-1974 என்று போட வேண்டும்.

பெயரின் நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மின்ட் இயல்பாகப் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். ‘பத்திரம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லே 24 பைட் ஆகிவிடுகிறது. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், ஊர், வட்டம் எல்லாவற்றையும் பெயரிலேயே திணித்தால் பெயர் மிக நீளம் என்று லினக்ஸ் மறுத்துவிடும். விண்டோஸில் எண்ணிக்கை வேறு மாதிரி என்பதால், அங்கே வைத்த நீளமான தமிழ்ப் பெயர் பென் டிரைவில் இருக்கும், இங்கே காப்பி ஆகாது. பெயர் சுருக்கமாக இருக்கட்டும், விவரம் அட்டவணைக்குப் போகட்டும்.

தேடுவதற்கு கேட்ஃபிஷ். ஃபோல்டரைக் காட்டி, ஃபைலின் உள்ளடக்கத்திலும் தேடு என்று குறியிட்டால், எழுத்துணரி எழுதி வைத்த உரைக் கோப்புகளுக்குள்ளும் பார்க்கும். உரைக் கோப்புக்கும் பிடிஎஃப்புக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால் ஒன்று கிடைத்தால் மற்றது பக்கத்திலேயே இருக்கும். தமிழில் தேட ஒரு சின்ன உத்தி வேண்டும். ‘கிணறு’ என்று தேடினால் ‘கிணற்றில்’, ‘கிணற்றுப் பாத்தியம்’ எதுவும் வராது. ‘கிணற’ என்று வெட்டித் தேடினால் எல்லாம் வரும். ‘தோப்ப’, ‘வீட’, ‘வாய்க்கால’ என்று சொல்லின் கடைசியில் வரும் உகரத்தையோ புள்ளியையோ விட்டுவிட்டுத் தேடப் பழகிக்கொண்டால் போதும். எழுத்துணரி ஓரிடத்தில் பிழையாகப் படித்திருந்தாலும் அதே சொல் பத்திரத்தில் இன்னும் பல இடங்களில் வரும் என்பதால், பத்திரம் கைக்கு வந்துவிடுகிறது.

அத்தானுக்கு அனுப்பும்போதும், வேறு யாரேனும் நகல் கேட்கும்போதும் ஆதார் எண்ணை மறைத்துத்தான் அனுப்ப வேண்டும். பலர் பிடிஎஃப் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்புகிறார்கள். கட்டம் மேலே உட்கார்ந்திருக்கும், எழுத்து அடியில் அப்படியே இருக்கும். நாம் எழுத்து அடுக்கு சேர்த்த ஃபைல் என்றால் இன்னும் சுலபம்: கறுப்புக் கட்டத்தின் மேல் மவுஸால் இழுத்துக் காப்பி செய்தால் எண் முழுசாக வந்து விழும். லிப்ரேஆபிஸ் டிராவில் கருவிகள் மெனுவில் இதற்கென்றே மறைப்பு வசதி இருக்கிறது. பக்கத்தைப் படமாக மாற்றி, மறைத்த இடத்தையும் அந்தப் படத்தோடு ஒன்றாக்கி, புது பிடிஎஃப் தரும். அடியில் எதுவும் மிஞ்சாது. அனுப்பும் முன், வெளிவந்த ஃபைலில் அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கத்தைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாகப் பிரதி எடுத்தல். மின்ட்டோடு டைம்ஷிஃப்ட் என்ற கருவி வருகிறது. அது ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று இருந்துவிடக்கூடாது. டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தின் கோப்புகளைத்தான் காப்பாற்றும். நம் வீட்டு ஃபோல்டரை இயல்பாகத் தொடாது. பத்திரங்களுக்கு ஜிஆர்சிங்க் வைத்தேன். ஆர்சிங்க் என்ற பழைய, நம்பகமான கருவிக்கு ஒரு ஜன்னல் போட்டது அது. மூல ஃபோல்டர், சேர வேண்டிய ஃபோல்டர் இரண்டையும் சொல்லி ஒரு பெயரில் சேமித்துவிட்டால், அடுத்த முறை புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டும் காப்பி செய்யும். சேரும் இடத்தில் நீக்கு என்ற தேர்வை அணைத்தே வைத்திருக்கிறேன். அத்தை இங்கே ஒரு ஃபைலைத் தெரியாமல் அழித்தால் அங்கேயும் அழியக்கூடாது. நிஜமாக ஓட்டுமுன் ஒத்திகை பார்க்கும் பொத்தானும் உண்டு, எந்தெந்த ஃபைல் போகும் என்று பட்டியல் காட்டும்.

இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க். இரண்டையும் மின்ட்டின் டிஸ்க்ஸ் கருவியில் கடவுச்சொல்லோடு பூட்டி ஃபார்மேட் செய்தேன். ஒன்று அத்தை வீட்டில், இன்னொன்று எங்கள் வீட்டில். இப்படிப் பூட்டியது விண்டோஸில் நேரடியாகத் திறக்காது என்பதை அத்தானுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி அசல் பத்திரங்களோடு உறையில் போட்டாயிற்று. அசல்கள் பழைய வரிசை மாறாமல், குண்டூசிக்குப் பதில் பருத்தி நூல் கட்டி, அட்டவணையில் உள்ள கட்டு எண்ணை ஒவ்வொரு உறையின்மேலும் பென்சிலால் எழுதி, அதே பெட்டிக்குள் போயின. புலப்படச் சுருள்கள் மட்டும் பாக்கி. அவை எந்தக் கண்ணாடிக்கும் அடங்காத அளவு. ஃபோனில் துண்டு துண்டாக எடுத்து, படங்களை இணைக்கும் ஹியூகின் என்ற மென்பொருளில் ஒட்டிப் பார்க்க வேண்டும். பொங்கலுக்குப் போகும்போது அந்த வேலை.